கணக்கில் வராத பத்தொன்பது மாதம்

வின்னிபெக்,
11 பிப்ரவரி 2024

மதிப்பிற்குரிய பாபாஜிக்குப் பேத்தி நவ்ரூப்பின் சத் ஸ்ரீ அகால்.

நான் சுகம். உங்கள் முழங்கால், அப்பாவின் சர்க்கரை, அம்மாவின் கோபம் மூன்றும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

போனில் சொல்லியிருப்பேன். நீங்கள் "என்ன? என்ன?" என்று கேட்பீர்கள், நான் கத்துவேன், பக்கத்து வீட்டு மொஹிந்தர் அத்தை முழுவதையும் கேட்டு நக்கோதர் முழுக்கச் சொல்லிவிடுவார். அதனால்தான் கடிதம். சரக்கு இறக்க ஐந்து மணி நேரம் காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். லாரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே மைனஸ் இருபத்தாறு.

இங்கே எல்லோரும் மூச்சுக்கு மூச்சு பி.ஆர். என்கிறார்களே, அந்த நிரந்தர வசிப்புரிமைக்கு நான் விண்ணப்பிக்கப் போகிறேன். படிக்கும்போது டோனட் கடையில் இரண்டு வருடம் நின்றேன் அல்லவா, அதில் ஒரு நாள்கூடக் கணக்கில் வராதாம். மாணவர் பார்த்த வேலை இந்தக் கணக்குக்கு வேலையே இல்லை. படிப்பு முடிந்தபின் ஒரு வருடமாவது தேர்ச்சியுள்ள வேலை பார்த்திருக்க வேண்டும். நல்லவேளை, லாரி ஓட்டுவது அந்தப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் தம்பி, சின்ன பாபாவின் கம்பெனியில் சேர்ந்து பத்தொன்பது மாதம் ஆகிவிட்டது. ஒரு வருடம் கேட்கிறார்கள், என்னிடம் ஒன்றரைக்கு மேல் இருக்கிறது!

என் வொர்க் பெர்மிட் அடுத்த வருடம் ஏப்ரல் 30 வரை. அதற்குள் விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். சின்ன பாபாவிடம் ஒரு வேலைச் சான்று வாங்கிவிட்டால் முடிந்தது.

எல்லோருக்கும் என் வணக்கம். காதுக்கு மருந்து விடுங்கள்.

உங்கள் ரூப்


நக்கோதர்,
3 மார்ச் 2024

அன்பு ரூப்,

வாஹேகுருவின் அருளால் வீட்டில் அனைவரும் நலம். நீ குளிரில் ஜாக்கிரதையாக இருப்பாய் என்று நம்புகிறேன். காதுக்கு மருந்து விடுகிறேன். பலன் இல்லை. முழங்கால் படியேறும்போது மட்டும் வலிக்கிறது.

உன் கடிதத்தை இருமுறை படித்தேன். பத்தொன்பது மாதத்தையும் என் நோட்டில் உன் பழைய கடிதங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. நூலகத்தில் முப்பத்திரண்டு வருடம் புத்தகங்களுக்கு எண் போட்டவனுக்கு இந்தப் பழக்கம் போகாது. உன் அப்பா, "பேத்தி கம்பெனி முதலாளி, தாத்தா கணக்குப்பிள்ளை" என்று கேலி செய்கிறான். சின்ன பாபா சொல்லி நீ உன் பெயரில் கம்பெனி பதிவு செய்த அன்று தெருவுக்கே லட்டு கொடுத்தோம். இன்னும் அதைச் சொல்கிறார்கள்.

விண்ணப்பத்தைத் தனியாகப் போடாதே. விவரம் தெரிந்த ஒருவரிடம் காகிதங்களையெல்லாம் காட்டு. நீ வேலையில் சேர்ந்தபோது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் காட்டு.

வேறொன்றும் எழுத நினைத்தேன். முக்கியமாக இராது.

பனியில் மெதுவாக ஓட்டு.

உன் நலம் நாடும்
அஜைப் சிங்


பிராம்ப்டன்,
19 மார்ச் 2024

பாபாஜி,

சத் ஸ்ரீ அகால். உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றதெல்லாம் நாசம்.

நீங்கள் சொன்னபடி ஆலோசகர் ஒருவரிடம் போனேன். பெர்னாண்டஸ் என்று ஓர் அம்மாள். காகிதங்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"சம்பளச் சீட்டு எங்கம்மா?"

"சீட்டு இல்ல மேடம். என் கம்பெனி பேருக்கு அவங்க செக் போடுவாங்க."

"உன் கம்பெனியா?"

"ஆமா. நான்தான் ஓனர்."

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அப்ப நீ யார்கிட்டயும் வேலை பாக்கல. சொந்தத் தொழில் பண்ணியிருக்கே. சொந்தத் தொழில் இதுல சேராது."

"லாரி என்னோடது இல்ல மேடம். டீசல்கூட அவங்கதான் போடறாங்க. வேற யாருக்கும் ஓட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"தெரியும். இந்த மாசம் இதே கதையோட வர்ற ஆறாவது ஆளு நீ. ஆறு பேரும் பஞ்சாபி. ஆறு பேரும் ஓனர்."

பத்தொன்பது மாதம் பாபாஜி! சுப்பீரியர் ஏரிக்கரையில் பனிப்புயலில் பதினொரு மணி நேரம் மாட்டிக்கொண்டு, பாட்டிலில் தண்ணீர் உறைந்துபோய்க் கிடந்தேனே, அது தொழிலதிபர் நவ்ரூப் கௌர் தன் சொந்த விருப்பத்தில் செய்தது!

இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, சின்ன பாபா நடந்ததை நடந்தபடி எழுதித் தர வேண்டும். லாரி யாருடையது, எங்கே எப்போது போவதென்று யார் முடிவு செய்தது, எல்லாம். அதைப் பார்த்து அதிகாரி என்னை வேலைக்காரி என்று ஒப்புக்கொள்ளலாம். இரண்டாவது, இப்போதே உண்மையான சம்பளத்தில் சேர்ந்து ஒரு வருடம் முடிக்க வேண்டும். ஏப்ரல் முதல் தேதி சேர்ந்தால் அடுத்த ஏப்ரலில் நிறையும், விண்ணப்பிக்க ஒரு மாதம் மிஞ்சும். ஒரு மாதம் தள்ளிப்போனால் ஒன்றுமே மிஞ்சாது.

நேரே லாரிகள் நிற்கும் யார்டுக்குப் போய்ச் சின்ன பாபாவிடம் சொன்னேன். சிரிக்கிறார். "அட, இதுக்கா அழுவுறே? ஏப்ரல்லேர்ந்து சம்பளத்துல போட்டுடறேன். நீ என் ரத்தம்டி."

நம்பலாம் அல்லவா?

ரூப்


நக்கோதர்,
8 ஏப்ரல் 2024

அன்புத் தம்பி பிக்கர் சிங்குக்கு அண்ணன் அஜைப் சிங்கின் ஆசி.

நீயும் பல்ஜீத்தும் தேஜ்பீரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே கோதுமை அறுப்பு தொடங்கப் போகிறது. நீ கட்டிக்கொடுத்த மாடியறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். காற்று நன்றாக வருகிறது.

உன் வேலைகளுக்கு நடுவே தொந்தரவு செய்வதற்கு மன்னித்துக்கொள். நவ்ரூப் எழுதியிருந்தாள். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அவளைச் சம்பளக்காரர் பட்டியலில் சேர்ப்பதாக நீ சொன்னாயாம். சேர்த்திருப்பாய். இருந்தாலும் ஒரு வரி எழுதினால் எனக்கு நிம்மதியாக இருக்கும். கேட்பது தவறென்றால் இதைக் கிழித்துப் போட்டுவிடு.

குருவின் நிழல் உங்கள் வீட்டின்மேல் இருக்கட்டும்.

அண்ணன்
அஜைப் சிங்


பிராம்ப்டன்,
2 ஜூன் 2024

மரியாதைக்குரிய வீர்ஜி,

தம்பி பிக்கரின் சத் ஸ்ரீ அகால். உங்கள் கடிதம் வந்து பல நாளாகிவிட்டது. நாற்பது லாரி வைத்திருப்பவனுக்குப் பேனா பிடிக்க நேரம் ஏது? இங்கே அனைவரும் நலம். எனக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை மாற்றியிருக்கிறார்கள்.

நல்ல செய்தி. மகன் தேஜ்பீருக்குப் பெண் நிச்சயமாகிவிட்டது. கபூர்தலாப் பக்கம், பெரிய குடும்பம். டிசம்பர் 15 கல்யாணம், ஜலந்தரில்தான். அப்பா இல்லாத இடத்தில் நீங்கள்தான் மூத்தவர். இரு வீட்டாரும் மாலை மாற்றும் மில்னியில் முதல் மாலை உங்களுடையது. ஒரு நல்ல கோட்டு தைத்துக்கொள்ளுங்கள், செலவு என்னுடையது.

நவ்ரூப் விஷயம் நடக்கும். கணக்கர் விடுமுறையில் இருக்கிறார். அவள் சின்னப் பெண், அவசரப்படுகிறாள். நான் 1986-இல் இங்கே வந்தபோது எனக்கு யார் சான்று எழுதிக் கொடுத்தார்கள்? வேலை செய்தேன், இருந்துவிட்டேன். நீங்கள் காகிதத்தோடு வாழ்ந்தவர், அதனால் காகிதத்தைக் கண்டு பயப்படுகிறீர்கள்.

உங்கள் தம்பி
பிக்கர் சிங்


தண்டர் பே,
21 ஜூன் 2024

பாபாஜி,

நலமா? நான் இருக்கிறேன்.

ஏப்ரல் போனது, மே போனது, ஜூன் போகிறது. இனி அவர் சம்பளத்தில் போட்டாலும் பெர்மிட் முடிவதற்குள் ஒரு வருடம் நிறையாது. அந்தக் கதவு சாத்தியாகிவிட்டது. நேற்று அலுவலக அறையிலேயே கேட்டுவிட்டேன்.

"சின்ன பாபா, வேணும்னேதானே இழுத்தடிச்சீங்க?"

"மெதுவாப் பேசு. உன்னை ஒருத்தியச் சம்பளத்துல போட்டா மத்த முப்பது பேரும் நாளைக்குக் காலைல வரிசைல நிப்பான். வரி ஆபீஸ் வாசல்ல நிக்கும். கம்பெனியை இழுத்து மூடிட்டு நான் குருத்வாரா லங்கர்ல போய் ஓசி ரொட்டி திங்கணுமா?"

"அப்ப நடந்ததை நடந்தபடி எழுதியாவது குடுங்க."

"அதுவும் இதுவும் ஒண்ணுதான். ஒண்ணு பண்றேன். நீ மொதல்லேர்ந்தே சம்பளத்துல இருந்த மாதிரி ஒரு லெட்டர் அடிச்சுத் தர்றேன், சீட்டெல்லாம் போட்டு. தேதி நீயே சொல்லு."

அப்படி ஒரு பொய்ச் சீட்டு பிடிபட்டால் ஐந்து வருடம் இந்த நாட்டுப் பக்கமே வர முடியாது. பொய் எழுதச் சொன்னால் உடனே எழுதுவார். உண்மையை எழுதத்தான் அவருக்குக் கை வராது!

வெளியே வந்தால் லாரிகளை அனுப்பும் டிஸ்பாட்ச் லக்கி, "எல்லாரும் எந்திரிங்கடா, ஓனரம்மா வர்றாங்க! அம்மா, உங்க கம்பெனில எனக்கு ஒரு வேலை கிடைக்குமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த ஒவ்வொருவனும் ஓனர்தான். அதன் பொருள் அவர்களுக்கு இன்னும் தெரியவில்லை.

பாபாஜி, இரவெல்லாம் ஓட்டும்போது ஒன்றையே யோசிக்கிறேன். இரண்டு வருடம் முன்பு அந்த ஒப்பந்தத்தின் ஏழு பக்கத்தையும் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். "படித்தேன், கையெழுத்துப் போடலாம்" என்று எழுதினீர்கள். மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக்கூடக் கடைசி வரி வரை படிப்பவர் நீங்கள். நாலாம் பக்கத்தில் நான் வேலைக்காரி இல்லை என்று எழுதியிருக்கிறது. அதை நீங்கள் பார்க்கவில்லையா?

ரூப்


நக்கோதர்,
30 ஜூலை 2024

அன்பு ரூப்,

அனைவரும் நலம். மழை இந்த வருடம் தாமதம். முழங்காலுக்குப் புது எண்ணெய் கொடுத்திருக்கிறார்கள், நாற்றம் தாங்கவில்லை, உன் அம்மா என்னைத் தாழ்வாரத்தில் படுக்கச் சொல்லிவிட்டாள். மொஹிந்தரின் மருமகளுக்கு ஆண் குழந்தை. நம் தெரு சாக்கடையை ஒருவழியாக மூடிவிட்டார்கள்.

உன் சின்ன பாபாவுக்கு மீண்டும் எழுதலாம் என்றிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அஜைப் சிங்


பிராம்ப்டன்,
25 ஆகஸ்ட் 2024

பாபாஜி,

சாக்கடையை மூடியது பற்றி மகிழ்ச்சி.

நான் ஒரு கேள்வி கேட்டிருந்தேன்.

நவ்ரூப்


நக்கோதர்,
20 செப்டம்பர் 2024

அன்பு ரூப்,

நீ நலமாக இருக்க வேண்டும். என்னைப் பற்றி எழுத இன்று மனம் இல்லை.

பார்த்தேன். நாலாம் பக்கம், மூன்றாவது பத்தி. "கையெழுத்திடுபவர் சுதந்திரமான தொழில் செய்பவர், எந்தப் பொருளிலும் கம்பெனியின் ஊழியர் அல்லர்." பென்சிலால் அடிக்கோடுகூடப் போட்டேன். அன்றிரவே உனக்கு ஒரு பக்கம் எழுதினேன். "இந்த வரி எனக்குச் சரியாகப் படவில்லை, லாரி உன்னுடையது இல்லாதபோது தொழில் மட்டும் எப்படி உன்னுடையது ஆகும், பின்னால் ஏதாவது உரிமை கோரும்போது இது குறுக்கே நிற்கலாம், யாரையாவது கேள்" என்று அதில் இருக்கிறது.

மறுநாள் காலையில் பிக்கர் போன் செய்தான். அவனிடம் மெல்லக் கேட்டேன். "வீர்ஜி, நீங்க லைப்ரரில புத்தகத்துக்கு நம்பர் ஒட்டினவரு. இது வியாபாரம். பொண்ணு ஓனராகட்டுமே, உங்களுக்கு என்ன பொறாமை?" என்றான். பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. என் காது அப்போது இவ்வளவு மோசமில்லை.

எழுதிய பக்கத்தை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு வேறு தாளில் "கையெழுத்துப் போடலாம்" என்று உனக்கு எழுதினேன். பிறகு லட்டு வாங்கப் போனேன்.

எனக்கு மறக்கவில்லை, கவனக்குறைவும் இல்லை. பயந்தேன். அவன் கட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு அவனைத் தவறென்று சொல்ல என்னால் முடியவில்லை. உன்னை அங்கே வரவழைத்தவனும் அவன், எங்களுக்கு ஒன்றென்றால் ஓடிவருபவனும் அவன். நானோ எதையும் ஒருமுறைக்கு மூன்றுமுறை சந்தேகப்படுபவன், என் சந்தேகத்தையே சந்தேகப்பட்டுவிட்டேன். மார்ச்சில் உனக்குச் சொல்ல ஆரம்பித்து விட்டுவிட்டேன், ஜூலையில் சாக்கடையைப் பற்றி எழுதினேன்.

அன்று அனுப்பாத பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு வருடம் மூன்று மாதம் தாமதம்.

இன்னொரு தாளும் இருக்கிறது. பிக்கர் எழுதித் தர வேண்டிய உண்மையை நானே வரைந்திருக்கிறேன். நீ வழியில் எழுதிய கடிதங்களின் தேதியும் ஊரும் என் நோட்டில் உள்ளன. எந்த லாரி, எந்த நாள், யார் அனுப்பியது, எந்த நாள் விடுப்பு மறுக்கப்பட்டது, எல்லாம் சேர்த்திருக்கிறேன். இதன் பிரதி ஒன்றை டிசம்பரில் அவன் கையிலேயே கொடுப்பேன்.

கொடுப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அஜைப் சிங்


பிராம்ப்டன்,
10 நவம்பர் 2024

மரியாதைக்குரிய வீர்ஜி,

சத் ஸ்ரீ அகால். டிசம்பர் 9 இரவு அமிர்தசரஸ் வந்து இறங்குகிறோம். எல்லோருக்கும் சுகம்.

மில்னியில் நம் பக்கம் பதினோரு பேர். பெண்ணின் பெரியப்பாவோடு முதலில் நீங்கள். ஆறடி மனிதர், உங்களைத் தூக்கிவிடுவார், சிரித்துக்கொண்டே நில்லுங்கள், வீடியோ எடுப்பார்கள். நம் வீட்டுத் தலைப்பாகை மெரூன்.

நவ்ரூப்புக்கு விடுப்பு கொடுக்க முடியவில்லை. பண்டிகைச் சரக்கு அதிகம். அவளைப் பற்றிய பேச்சு எதுவும் கல்யாண வீட்டில் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி
பிக்கர் சிங்


நக்கோதர்,
17 டிசம்பர் 2024

அன்பு ரூப்,

நான்கு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நீ எழுதாததில் நியாயம் இருக்கிறது. நலமாக இருக்கிறாய் என்று உன் அம்மா போனில் கேட்டுச் சொல்கிறாள். நடந்ததை நீ வேறு யார் வாயிலும் கேட்பதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

கல்யாண மண்டப வாசலில் இரண்டு பக்கமும் நின்றார்கள். குருத்வாரா கிரந்தி அர்தாஸ் பிரார்த்தனையை முடித்துவிட்டு, "பெரியப்பா மில்னி" என்று கூப்பிட்டார். அந்த ஆறடி மனிதர் மாலையோடு முன்னால் வந்தார். நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். முன்கூட்டியே தீர்மானித்தேன் என்று பெருமையடிக்க மாட்டேன். புதுக் கோட்டு போட்டுக்கொண்டுதான் போனேன். எழுந்திருக்கலாம் என்று கையை ஊன்றினேன், உடம்பு எழவில்லை.

பிக்கர் குனிந்து, "வீர்ஜி, கூப்பிடறாங்க, எந்திரிங்க" என்றான்.

நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"முட்டி வலியா? ரெண்டு பையனுங்களைத் தூக்கிட்டு வரச் சொல்லவா?" கூட்டம் சிரித்தது. யாரோ, "மாப்பிள்ளையைவிடத் தாத்தாவுக்குத்தான் வெக்கம்!" என்றார்கள்.

"முட்டி நல்லாத்தான் இருக்கு பிக்கர். உன் பக்கத்துல நிக்கத்தான் முடியல."

அவன் காதில் மட்டும் சொல்வதாகத்தான் நினைத்தேன். காது மந்தமானவனுக்குத் தன் குரலின் அளவு தெரியாது. பேண்டு வாசிப்பவர்கள்கூட நிறுத்திவிட்டார்களாம், உன் அப்பா பிறகு சொன்னான்.

பிக்கர் பல்லைக் கடித்துக்கொண்டு, "இங்க வேணாம் வீர்ஜி. கையெடுத்துக் கும்பிடறேன். வீட்டுல பேசிக்கலாம்" என்றான்.

"வீட்டுல எட்டு மாசமா எழுதிக் கேட்டாச்சு. பேத்தி உன் லாரியை ரெண்டு வருஷமா ஓட்டுறா. அவ உன்கிட்டதான் வேலை பார்த்தான்னு ஒரு உண்மைக் கடுதாசி குடுக்க உனக்குக் கை வரல. அது இல்லாம ஏப்ரல்ல அவளை அனுப்பிடுவாங்க. என் பேத்தி உனக்கு யாரோன்னா நானும் உனக்கு யாரோதான். யாரோ ஒருத்தன் எதுக்குய்யா மாலை போடணும்?"

பெண்ணின் பெரியப்பா மாலையை இறக்கிக்கொண்டு, "என்னங்க சர்தார்ஜி இது? நாங்களும் எங்க பொண்ணை அந்த வீட்டுக்குத்தானே அனுப்பறோம்?" என்று பிக்கரைப் பார்த்தார். பிக்கரின் முகம் தலைப்பாகை நிறத்துக்குப் போனது. பிறகு ஒன்றுவிட்ட தம்பி குல்வந்த்தை முன்னே தள்ளி மில்னியை நடத்தினார்கள். நான் ஆட்டோ பிடித்துப் பஸ் நிலையம் வந்து, பஸ்ஸில் வீடு சேர்ந்து, காலையில் மிஞ்சிய பராத்தாவை ஊறுகாயோடு தின்றேன். மகிழ்ச்சியில் இருந்த பிள்ளை தேஜ்பீர், அவன் என்ன தவறு செய்தான்?

மறுநாள் பிக்கர் வந்தான். உட்காரவில்லை. நான் வரைந்த தாளை நீட்டினேன். நின்றபடியே படித்தான்.

"லீவு குடுக்காத நாளைக்கூட விடல. எனக்கே ஞாபகமில்ல."

"எனக்கு இருக்கு."

"எழுபத்தேழு வயசுல உங்களுக்குக் கோவம் வரும்னு நான் நினைக்கவே இல்ல."

"நானும் நினைக்கல. அம்பது வருஷம் முன்னாடியே வந்திருக்கணும்."

தாளை நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனான். கையெழுத்துப் போடவில்லை. என் காலைத் தொடவும் இல்லை. உனக்கு நல்லது செய்தேனா, இருந்த கொஞ்சத்தையும் கெடுத்தேனா என்று தெரியவில்லை. மாடியறையை விட்டுக் கீழே வந்துவிட்டேன். அங்கே உட்கார்ந்தால் எழுத வரவில்லை.

பதில் எழுத வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை.

அஜைப் சிங்


பிராம்ப்டன்,
27 ஏப்ரல் 2025

பாபாஜிக்கு நவ்ரூப்பின் சத் ஸ்ரீ அகால்.

நான் நலம். இங்கே பனி உருகிவிட்டது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

முதலில் தகவல். விண்ணப்பம் பதினைந்து நாளுக்கு முன் போய்விட்டது. பெற்றுக்கொண்டோம் என்று எண் வந்துவிட்டது. முடிவு தெரியும் வரை இங்கே இருக்கலாம், வேலை பார்க்கலாம். ஒப்புக்கொள்வார்களா என்பது தெரிய இன்னும் பல மாதம் ஆகும். பெர்னாண்டஸ் அம்மாள், "இந்த லெட்டரோட வந்த மொத ஆளு நீ" என்றார்.

ஆம், கடிதம் கிடைத்தது. பிப்ரவரியில் சின்ன பாபா அறைக்குக் கூப்பிட்டார். நீங்கள் வரைந்த தாளை ஒரு வரி மாற்றாமல் கம்பெனித் தாளில் அடித்து, கையெழுத்தும் முத்திரையும் போட்டு, மேசைமேல் என் பக்கம் வீசினார்.

"உங்க தாத்தா ஊர் முன்னாடி என் மூக்கை அறுத்துட்டாரு. சம்பந்தி வீட்டுல ஒவ்வொரு போன்லயும் கேக்கறாங்க, அந்தப் பொண்ணு விஷயம் என்னாச்சுன்னு. மருமக சாப்பாடு போடும்போது கேக்கறா. இந்தா, எடுத்துட்டுப் போ. இது உனக்கு மட்டும். மத்தவன் காதுக்குப் போகக் கூடாது. புரியுதா?"

"புரியுது சின்ன பாபா" என்றேன். புரிந்தது. கேட்டபடி நடப்பேன் என்று நான் சொல்லவில்லை.

அங்கிருந்து நேரே பொது நூலகத்துக்குப் போய் முப்பத்தோரு பிரதி எடுத்தேன். மறுநாள் யார்டில் டீ நேரத்தில் ஆளுக்கொன்று கொடுத்தேன். லக்கிதான் ராகம் போட்டு வாசித்தான். "லாரி கம்பெனிக்குச் சொந்தம். எங்கே எப்போது போவதென்று தீர்மானிப்பது கம்பெனி. ஓட்டுநர் வேறு யாருக்காகவும் ஓட்ட அனுமதி இல்லை..." பாதியில் ராகம் நின்றுவிட்டது. சமோசா தின்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். பட்டாலாக்காரர் சுக்தேவ் பாஜி, "ஏய், இது என் கதைடா. பேரு மட்டும்தான் இவளோடது" என்றார். அவர் பெர்மிட் ஆகஸ்டில் முடிகிறது. இரண்டு குழந்தைகள்.

எங்களை ஊழியர்கள் என்று ஒப்புக்கொள்ளக் கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போன மனுவில் இருபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். சின்ன பாபாவின் கடிதத்தைத்தான் மேலே வைத்திருக்கிறோம். மார்ச் முதல் வாரம் என்னிடமிருந்து லாரிச் சாவியை வாங்கிவிட்டார். துரோகி என்றார். பத்தொன்பது மாதத்தை விழுங்கப் பார்த்தவர் என்னைத் துரோகி என்கிறார்! "துரோகம் பண்ண நான் உங்க கம்பெனி ஆளே இல்லையே, தனி ஓனராச்சே" என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது வேறு கம்பெனியில் ஓட்டுகிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளச் சீட்டு வருகிறது. அதை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

மில்னி வீடியோவைப் பார்த்தேன். யார்டில் எல்லோரும் பார்த்தோம். உங்கள் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாது.

நீங்கள் அனுப்பாமல் வைத்திருந்த அந்தப் பக்கத்தையும் படித்தேன். மிகத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு வார்த்தை தவறில்லை. இருபத்திரண்டு வயதில் அது என் கைக்கு வந்திருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். படிக்கப் படிக்க அதனால்தான் ஆத்திரம் வருகிறது. விவரம் தெரியாத தாத்தாவாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

கல்யாண வாசலில் எனக்காக உட்கார்ந்திருந்தீர்கள், அதனால் கோபம் பாதி குறைந்தது என்று எழுதத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். எழுதிப் பார்த்தால் பொய்யாக இருக்கிறது. குறையவில்லை. குறைந்தால் அன்றைக்கே எழுதுகிறேன். அதுவரை நீங்களும் எழுதிக்கொண்டிருங்கள். மழை, எண்ணெய், சாக்கடை என்று மட்டும் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.

உங்கள் பேத்தி
நவ்ரூப்